ஜேம்ஸ்டவுனுக்குத் தீ வைத்த நத்தானியேல் பேக்கன்

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் மனிதர் 29 வயதில் இறந்துபோனவர். தலைவர் என்று பெயர் எடுத்திருந்தது ஆறே மாதம். அந்த ஆறு மாதத்துக்குள் ஆளுநரை ஊரைவிட்டே விரட்டினார். தலைநகரத்தைக் கொளுத்திச் சாம்பலாக்கினார். கடைசியில் வயிற்றுக்கடுப்பு வந்து செத்தார். நத்தானியேல் பேக்கன் என்பது அவர் பெயர். வட அமெரிக்காவில், இங்கிலாந்தின் ஆட்சியிலிருந்த வர்ஜீனியா என்ற புகையிலைச் சீமையில் 1676-ம் ஆண்டு நடந்த கதை இது.

அவரை ஏழைகளின் காவலர் என்று எழுதியவர்கள் உண்டு. 1776-ல் அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் மன்னரை எதிர்த்துக் கிளம்பினார்களே, அதற்குச் சரியாக நூறு வருடத்துக்கு முன்பே விடுதலைக் கொடி பிடித்தவர் என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்களும் உண்டு. நாம் அவ்வளவு சுலபமாக மாலை போட்டுவிடத் தயாராக இல்லை. ஆனால், அவர் பின்னால் நூற்றுக்கணக்கில் திரண்டார்களே பாட்டாளிகள், அவர்கள் ஏன் திரண்டார்கள் என்பதை நாம் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். அதற்காகப் பேக்கனைக் கொஞ்ச நேரம் இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு, முதலில் வர்ஜீனியாத் தோட்டத்துக்குள் நுழைவோம்.

ஒப்பந்தக் கடுதாசி

ஆங்கிலேயர்கள் 1607-ல் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரை அமைத்தார்கள். தங்கம் கிடைக்கும் என்று வந்தவர்களுக்குக் கிடைத்தது பசியும் காய்ச்சலும்தான். 1612 வாக்கில் ஜான் ரோல்ஃப் என்பவர் நல்ல ரகப் புகையிலையைப் பயிரிட்டுப் பார்த்தார். லண்டனில் அது விலைபோயிற்று. அவ்வளவுதான், ஊரே புகையிலை மேல் விழுந்தது. தெருவில்கூட நட்டார்கள். காசு புழக்கம் குறைவு. ஆகவே புகையிலையே காசு. வரியும் புகையிலை, பாதிரியார் சம்பளமும் புகையிலை, அபராதமும் புகையிலை.

இந்தப் பயிருக்கு ஆள்பலம் வேண்டும். நாற்றுப் போட, பிடுங்கி நட, களையெடுக்க, புழுப் பொறுக்க, கொழுந்து கிள்ள, வெட்டி உலர்த்த, பீப்பாயில் அமுக்கி அடைக்க என்று வருடம் பூராவும் வேலை. ஆள் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்தே வந்தது. அங்கே வேலைவெட்டி இல்லாத ஏழைப் பிள்ளைகள் ஏராளம். கப்பலுக்குக் கொடுக்கக் காசு இருக்காது. ஒரு கடுதாசியில் கைநாட்டு வைத்தால் போதும். நாலு வருடமோ ஏழு வருடமோ, சின்னப் பிள்ளைகளானால் அதற்கு மேலுமோ, எஜமான் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். சாப்பாடு, துணி, படுக்க இடம் அவர் தருவார். சம்பளம் கிடையாது. நடுவில் வேறொருவருக்கு அந்தக் கடுதாசியை அவர் விற்றுவிட்டால், ஆளும் கடுதாசியோடு போக வேண்டியதுதான்.

ஒப்பந்தக் கூலி! இந்தச் சொல்லுக்கு நம் வாசகர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறியதற்கு ஏறக்குறைய 200 வருடத்துக்கு முன்பே, வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் சொந்த நாட்டு ஏழையிடமே இந்த வித்தையைச் செய்து பழகியிருந்தார்கள்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஓர் ஆளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தால், கட்டணம் கட்டியவருக்கு 50 ஏக்கர் நிலம் என்பது அங்கே முறை. வந்தவனுடைய உழைப்பும் துரைக்கு, வந்ததற்காகக் கிடைத்த நிலமும் துரைக்கு. இப்படியே ஆற்றோரத்து நல்ல மண்ணெல்லாம் சில பெரிய குடும்பங்களின் கைக்குள் போய்ச் சேர்ந்தது.

ஓடிப்போனால் என்ன தண்டனை? 1643-ம் வருடத்துச் சட்டப்படி, எத்தனை நாள் ஓடியிருந்தானோ அதற்கு இரட்டை நாள் கூடுதலாக உழைக்க வேண்டும். மறுபடி ஓடினால் கன்னத்தில் சூட்டுக்கோல். வேலைக்காரப் பெண் பிள்ளை பெற்றுவிட்டால் அவளுடைய ஒப்பந்தமும் நீளும். பிள்ளைக்குத் தகப்பன் அந்த எஜமானே என்றாலும் கூடுதல் வேலை அவள் தலையில்தான். தாய்மார்கள் இதை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

1619-ல் ஆப்பிரிக்கர்களையும் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆரம்பத்தில் அவர்களில் சிலர் வருடக் கணக்கு முடிந்து விடுதலை பெற்றதும், நிலம் வாங்கியதும் உண்டு. ஆனால் வரவர நிலைமை மாறியது. 1640-ல் மூன்று வேலைக்காரர்கள் ஒன்றாக ஓடிப் பிடிபட்டார்கள். இரண்டு பேர் வெள்ளையர், ஒருவர் ஜான் பஞ்ச் என்ற கறுப்பர். வெள்ளையர் இருவருக்கும் நாலு வருடம் கூடுதல் வேலை. ஜான் பஞ்சுக்கு? ஆயுள் பூராவும் அடிமை. ஒரே குற்றம், ஒரே நாள், ஒரே நீதிமன்றம்! 1662-ல் இன்னொரு சட்டம் வந்தது: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை.

அப்படியிருந்தும் வயற்காட்டில் அவர்கள் சேர்ந்தே வேலை செய்தார்கள், சேர்ந்தே குடித்தார்கள், சேர்ந்தே ஓடினார்கள். இதை வாசகர்கள் மனத்தில் முடிந்துவைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1663-ல் குளோஸ்டர் மாவட்டத்தில் சில வேலைக்காரர்கள் ஆயுதம் எடுத்து, ஆளுநரிடம் போய் விடுதலை கேட்பது என்று இரகசியமாகக் கூடிப் பேசினார்கள். கூடவே இருந்த ஒருவன் போட்டுக்கொடுத்துவிட்டான். அவனுக்குச் சட்டசபை விடுதலையும் 5,000 ராத்தல் புகையிலையும் இனாம் கொடுத்தது. சதி நடக்கவிருந்த செப்டம்பர் 13-ம் தேதியை வருடாவருடம் நன்றி செலுத்தும் நாளாகவும் அறிவித்தது. துரைமார் எவ்வளவு பயந்திருந்தார்கள் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

விடுதலையாகியும் விடியவில்லை

சரி, ஒப்பந்தம் முடிந்தவன் கதி என்ன? கொஞ்சம் சோளம், ஒரு ஜதைத் துணி என்று ஏதோ கொடுத்து அனுப்புவது வழக்கம். அவனுக்கு வேண்டியது நிலம். ஆற்றோரம் ஏற்கெனவே போய்விட்டது. ஒன்று, பழைய துரையிடமே குத்தகைக்கு நிற்க வேண்டும். அல்லது பூர்வகுடிகள் வாழும் காட்டு ஓரத்துக்குப் போக வேண்டும். செவ்விந்தியர் என்று நாம் சொல்லிப் பழகியவர்களைத்தான் பூர்வகுடிகள் என்கிறோம். அவர்களோடு 1646-ல் உடன்படிக்கை செய்து, ஆங்கிலேயர் குடியேறக்கூடாத எல்லை ஒன்றையும் வகுத்திருந்தார்கள். எல்லை கடுதாசியில் இருந்தது. பசித்தவனும் பேராசைக்காரனும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

விலைக்கு வருவோம். வர்ஜீனியாப் புகையிலையை இங்கிலாந்துக்கு மட்டுமே அனுப்பவேண்டும், வேறு நாட்டுக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று லண்டன் சட்டம் போட்டது. 1651-லும் 1660-லும் வந்த கப்பல் சட்டங்கள் இவை. அதற்கு முன்னால் டச்சுக்காரர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவு அடைபட்டது. விளைச்சலோ ஏறிக்கொண்டே போனது. ஒரு ராத்தலுக்கு ஒரு பென்னி, சில வருடம் அதுவும் இல்லை. அதே ராத்தல் லண்டன் துறைமுகத்தில் இறங்கும்போது மன்னர் வாங்கிய சுங்கம் 2 பென்னி! பயிரிட்டவனைவிட மன்னருக்கு இரண்டு பங்கு. நம் பால்மரத்து விலை ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

இயற்கையும் சும்மா இருக்கவில்லை. 1667-ல் பெரும் புயல். அதே வருடமும் 1673-லும் டச்சுக் கப்பல்கள் வந்து புகையிலைக் கப்பல்களை எரித்தன, பிடித்தன. 1672-73 குளிர்காலத்தில் கால்நடைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன.

இதற்கெல்லாம் மேலே வரி. நிலத்துக்கு வரி போட்டிருந்தால் நிலம் வைத்திருப்பவன் அழுதிருப்பான். அவர்கள் போட்டது தலைவரி. பத்தாயிரம் ஏக்கர் வைத்திருப்பவர் தலையும் ஒரு தலை, ஒன்றுமில்லாதவன் தலையும் ஒரு தலை. ஆளுநரின் ஆலோசனை சபையிலிருந்த பெரிய மனிதர்களுக்கோ அந்த வரியிலும் விலக்கு. சட்டசபை உறுப்பினர்களின் படிச்செலவும் இந்த வரிப்புகையிலையிலிருந்துதான். கொடுமைக்கு மேல் கொடுமையாக, 1673-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் வர்ஜீனியா முழுவதன் வாரத்தையும் வரும்படியையும் ஆர்லிங்டன், கல்பெப்பர் என்ற இரண்டு பிரபுக்களுக்கு 31 வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதை இரத்து செய்யக் கேட்டு லண்டனுக்குத் தூதர்களை அனுப்பினார்கள். அந்தச் செலவுக்கும் ஏழை தலையில்தான் வரி.

எதிர்த்துக் கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? ஆளுநர் சர் வில்லியம் பெர்க்லி 1660-க்குப் பிறகு தேர்தலை ஒரு தரம் நடத்தியவர், தனக்கு வேண்டியவர்கள் ஜெயித்ததும் அதே சபையைச் சுமார் 14 வருடம் அப்படியே ஓட்டினார். 1670-ல், நிலமோ வீடோ இல்லாதவனுக்கு ஓட்டுரிமையே இல்லை என்றும் சட்டம் வந்தது.

பெர்க்லியை ஒரேயடியாகக் கெட்டவர் என்று தள்ளிவிட முடியாது. கப்பல் சட்டம் ஏழையைக் கொல்கிறது என்று லண்டனுக்கே போய் வாதாடியவர் அவர். புகையிலையை மட்டும் நம்பாதீர்கள் என்று பட்டும் மற்றப் பயிர்களும் வளர்த்துக் காட்டியவர். பூர்வகுடிகளோடு உடன்படிக்கையைக் காக்க வேண்டும் என்பதிலும் அவருக்குக் கருத்து இருந்தது. அதில் அவருடைய தோல் வியாபார இலாபமும் கலந்திருந்தது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் 1671-ல் லண்டனுக்கு அவர் எழுதிய அறிக்கை ஒன்று இருக்கிறது. வர்ஜீனியாவின் ஜனத்தொகை 40,000, அதில் ஒப்பந்த வேலைக்காரர் 6,000, கறுப்பு அடிமைகள் 2,000 என்று கணக்குச் சொல்லிவிட்டு, இங்கே இலவசப் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் இல்லாததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறார் மனிதர்! படித்தால் கேள்வி கேட்பார்களாம். தோட்டப் பள்ளிக்கூடத்துக்காகப் பாடுபட்ட நம் பெரியவர்கள் இதைப் படித்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

பெரிய இடத்துப் பிள்ளை

இப்போது நம் ஆள் வரலாம். பேக்கன் 1647 ஜனவரியில் இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் பணக்கார வீட்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தார். 1670-ல் எலிசபெத் டியூக் என்ற பெண்ணை மணந்தார். பெண்ணின் தகப்பனாருக்கு இந்த மாப்பிள்ளையைக் கட்டோடு பிடிக்கவில்லை. மகளுக்குச் சொத்தே கிடையாது என்று முடித்துவிட்டார். அது போகட்டும், காதல் விவகாரம். ஓர் இளைஞனை ஏமாற்றிச் சொத்துப் பறிக்கும் சதியிலும் பேக்கனின் பெயர் அடிபட்டது. இனி இவன் இங்கிருந்தால் குடும்ப மானம் போகும் என்று, அவருடைய தகப்பனார் 1,800 பவுன் கையில் கொடுத்து 1674-ல் வர்ஜீனியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்.

கைநாட்டு வைத்துக் கப்பலேறியவனுக்கும் இவருக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். வந்து இறங்கியதும் ஜேம்ஸ் ஆற்றின் மேற்பகுதியில் கர்ல்ஸ் என்ற இடத்தில் தோட்டம் வாங்கினார். ஆலோசனை சபையில் அதே பெயருடைய உறவினர் ஒருவர் இருந்தார். ஆளுநரின் மனைவியும் உறவு முறை. மறு வருடமே பேக்கனும் ஆலோசனை சபை உறுப்பினர்! ஒல்லியான, கறுத்த தலைமுடியுள்ள, அதிகம் பேசாத, உள்ளுக்குள் கர்வம் நிறைந்த ஆள் என்று அவரைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1675 ஜூலையில் நெருப்பு பற்றியது. பொட்டோமாக் ஆற்றோரத்தில் ஒரு துரையிடம் டோக் என்ற பூர்வகுடியினர் சரக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் பணம் கொடுக்கவில்லை. அவர்கள் வந்து அவருடைய பன்றிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். துரத்திப் போய்க் கொன்றார்கள். பதிலுக்கு அவர்கள் வந்து துரையின் பன்றி மேய்ப்பவனைக் கொன்றார்கள். உடனே படை ஆற்றைத் தாண்டியது. போன வேகத்தில் டோக் மக்களையும் கொன்று, அடையாளம் தெரியாமல், நட்பாக இருந்த சஸ்குவெஹானக் மக்களையும் சுட்டுத் தள்ளியது. அந்தச் செப்டம்பரில் சஸ்குவெஹானக் கோட்டையை முற்றுகையிட்டு, சமாதானம் பேச வெளியே வந்த ஐந்து தலைவர்களைக் கொன்றுபோட்டார்கள். அந்த முற்றுகைக்கு வர்ஜீனியாத் தரப்பில் போனவர்களில் ஒருவர் ஜான் வாஷிங்டன். ஆம், பிற்காலத்தில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தாவேதான்.

கொடுக்காத கடனுக்காகத் தொடங்கிய சண்டை இது. 1676 ஜனவரியில் சஸ்குவெஹானக் வீரர்கள் எல்லைப்புற வீடுகளில் புகுந்து 36 பேரைக் கொன்றார்கள். செத்தவர்கள் காட்டு ஓரத்துச் சின்னக் குடியானவர்கள். அந்த ஐந்து தலைவர்களைக் கொன்ற பெரிய மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெர்க்லி முதலில் படை அனுப்புவதாகச் சொன்னார், பிறகு நிறுத்திவிட்டார். மார்ச் மாதம் சட்டசபையைக் கூட்டி, ஆறுகளின் தலைப்பில் கோட்டைகள் கட்டுவதாகத் தீர்மானம் போட்டார். ஜனங்களுக்கு வயிறெரிந்தது. காட்டுக்குள் வருகிறவன் கோட்டை வாசலைத் தேடிக்கிட்டா வருவான்? கட்டும் செலவுக்கும் வரி, காவலிருப்பவன் சம்பளத்துக்கும் வரி. கோட்டை அமைகிற நிலமோ பெரிய இடத்து நிலம்.

பேக்கனின் தோட்டத்திலும் மேற்பார்வையாளர் ஒருவர் கொல்லப்பட்டார். ஏப்ரலில் ஜோர்டன் பாயின்ட் என்ற இடத்தில் கோபக்காரர்கள் கூடியிருந்தார்கள். பேக்கனும் அவருடைய சில சகாக்களும் ஆற்றைக் கடந்து அங்கே போனார்கள். கையோடு ரம் சாராயமும் போயிற்று. ஊற்றிக் கொடுத்தார்கள், கூட்டம் பேக்கன் பேக்கன் என்று கத்தியது, அவர் தலைவரானார். சாராயத்தோடு வருகிற தலைவர்களை நாமும் அறிவோம். மேலே சொல்ல வேண்டாம்.

இடம் மாறிய கோபம்

நமக்கு நெஞ்சு கனப்பது இனிமேல் வரும் பகுதியில்தான். விலையைக் குறைத்தது லண்டன். நிலத்தை வளைத்தது துரைமார். ஓட்டைப் பறித்தது சட்டசபை. ஆனால் பேக்கன் துப்பாக்கியைத் திருப்பியது எங்கே? மே மாதம் ரோனோக் ஆற்றுத் தீவில் வாழ்ந்த ஒக்கனீச்சி மக்களிடம் போனார். ஆங்கிலேயரோடு அவர்கள் நட்பாக இருந்தவர்கள். சஸ்குவெஹானக் ஆட்களை எங்களுக்காகத் தாக்குங்கள் என்று கேட்டார். அவர்களும் தாக்கிக் கைதிகளோடு திரும்பி வந்தார்கள். பிறகு சாப்பாட்டுக்கும் கைதிகளுக்கும் கொள்ளைப் பொருளுக்கும் தகராறு. பேக்கனின் ஆட்கள் உதவி செய்த ஒக்கனீச்சி மக்களையே ஆண், பெண், பிள்ளை என்று பாராமல் கொன்று தீர்த்தார்கள். ஊருக்குத் திரும்பியபோது வீரர் என்ற வரவேற்பு!

பெர்க்லி அவரைக் கலகக்காரர் என்று அறிவித்தார். ஆனால் ஜனங்களின் கோபம் அவருக்கும் தெரிந்தது; அத்தனை வருடத்துக்குப் பிறகு தேர்தல் வைத்தார். ஹென்ரைக்கோ மாவட்டம் பேக்கனைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. ஜூன் மாதம் ஜேம்ஸ்டவுனில் அவரைப் பிடித்தார்கள். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்; மன்னிப்பும் கிடைத்தது. நழுவிப்போய், ஜூன் 23-ல் சுமார் 500 ஆட்களோடு வந்து சட்டசபையைச் சூழ்ந்துகொண்டார். எழுபது வயது பெர்க்லி வெளியே வந்து, சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி, சுட்டால் சுடு என்று நின்றார். பேக்கன் சுடவில்லை. அவருடைய ஆட்கள் சட்டசபை ஜன்னலைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டினார்கள். படைத்தளபதி நியமனக் கடுதாசி கைக்கு வந்தது.

அந்த ஜூன் மாதச் சட்டசபை சில நல்ல சட்டங்களைச் செய்தது. நிலமில்லாத சுதந்திர மனிதனுக்கும் ஓட்டு திரும்பக் கிடைத்தது. ஆலோசனை சபைக்காரர்களின் வரிவிலக்கு போயிற்று. ஷெரிப் பதவியில் ஒருவரே வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது என்றும் ஆயிற்று. பேக்கனின் சட்டங்கள் என்று பெயர் இருந்தாலும், அவற்றை எழுதியதில் அவருடைய பங்கு குறைவு என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். அதே சபை, சண்டையில் பிடிபடும் பூர்வகுடிகள் ஆயுளுக்கும் அடிமை என்றும் எழுதி வைத்தது. நல்லதும் பொல்லாததும் ஒரே கடுதாசியில்.

அந்த நாட்களில் பமங்கி மக்களின் அரசியான கோக்கக்கோஸ்கியை அழைத்து, வீரர்களைக் கொடு என்று கேட்டார்கள். மகனையும் மொழிபெயர்ப்பாளரையும் அழைத்துக்கொண்டு அவர் வந்தார். அவருடைய கணவர் டோட்டோபொட்டொமோய் 1656-ல் ஆங்கிலேயருக்குத் துணையாகச் சண்டைக்குப் போய், தன் வீரர்களோடு மாண்டவர். அதற்கு இழப்பீடு என்று ஒரு சல்லிக்காசு கொடுத்தார்களா என்று சபையில் கண்ணீரோடு கேட்டார் அந்த அம்மாள். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் 12 பேரைத் தர ஒப்புக்கொண்டார். சில வாரம் கழித்துப் பேக்கன் படை எடுத்துப் போனது யார் மேல் தெரியுமா? சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்த இதே பமங்கி மக்கள் மேல்தான். அரசி பல நாள் காட்டில் பதுங்கி உயிர் தப்பினார்.

ஜூலை 30-ல் பேக்கன் மக்களின் பெயரால் ஓர் அறிக்கை விட்டார். அநியாய வரி, வேண்டியவர்களுக்குப் பதவி, தோல் வியாபாரத்துக்காகப் பூர்வகுடிகளைக் காப்பாற்றியது என்று பெர்க்லி மேல் குற்றப்பட்டியல். பெர்க்லி கடலுக்கு அப்பால் கிழக்குக் கரைக்கு ஓடினார். செப்டம்பரில் அவர் ஜேம்ஸ்டவுனுக்குத் திரும்பியபோது, பேக்கன் வந்து முற்றுகையிட்டார். மண்மேடு கட்டி முடிக்கும்வரை சுடாமலிருக்க, ஆளுநர் பக்கத்துப் பெரிய மனிதர்களின் மனைவிமாரைப் பிடித்துவந்து மேட்டின் மேல் நிறுத்தினார். தன் சொந்த உறவினரின் மனைவியும் அதில் ஒருவர். இதற்குப் பிறகும் இவரை வீரர் என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சமயத்தில்தான் பேக்கன் தன் எதிரிகளின் வேலைக்காரருக்கும் அடிமைகளுக்கும் விடுதலை என்று அறிவித்தார். எதிரிகளின் ஆட்களுக்குத்தான், தன் பக்கத்துத் துரைமாரின் ஆட்களுக்கு அல்ல. ஆனாலும் அந்த வார்த்தை ஒன்றே போதுமாயிருந்தது. கறுப்பரும் வெள்ளையருமாக ஓடிவந்து சேர்ந்தார்கள். துரைமாருக்குத் தூக்கம் போனது.

பெர்க்லி மறுபடி கப்பலேறி ஓட, செப்டம்பர் 19-ல் ஜேம்ஸ்டவுன் எரிந்தது. பேக்கனின் கூட்டாளிகளான ரிச்சர்ட் லாரன்ஸ், வில்லியம் டிரமண்ட் இருவரும் தங்கள் சொந்த வீட்டுக்குத் தாங்களே தீ வைத்தார்கள்.

தீ வைத்தவர் அதன் பிறகு ஐந்து வாரம்தான் இருந்தார். அகழியிலும் மழையிலும் கிடந்து இரத்தக் கடுப்பும் காய்ச்சலும் கண்டு, உடம்பெல்லாம் பேன் மொய்த்து, 1676 அக்டோபர் 26-ல் குளோஸ்டர் மாவட்டத்தில் ஒரு வீட்டில் இறந்தார். பெர்க்லி கையில் கிடைத்தால் பிணத்தையும் தூக்கில் மாட்டுவார் என்று கூட்டாளிகள் உடலை எங்கோ மறைத்துவிட்டார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. வர்ஜீனியாவில் பேக்கன் கோட்டை என்று ஒரு பழைய செங்கல் வீட்டை இப்போதும் காட்டுகிறார்கள். அவருடைய ஆட்கள் அதைப் பிடித்து வைத்திருந்தது உண்மை. அவர் அங்கே குடியிருந்ததில்லை.

கடைசி நூறு பேர்

தலைவர் போனதும் கூட்டம் கரைந்தது. 1677 ஜனவரியில் கிராந்தம் என்ற கப்பல் தலைவர் வந்து, சரணடைந்தால் மன்னிப்பும் விடுதலையும் என்று இனிக்க இனிக்கப் பேசி ஆயுதங்களை வாங்கினார். பலர் வீட்டுக்குப் போனார்கள். 80 கறுப்பர்களும் 20 ஆங்கில வேலைக்காரர்களும் மட்டும் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. பத்திரமான இடத்தில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லி அவர்களைப் படகில் ஏற்றினார். நடு ஆற்றில் கப்பல் பீரங்கியைத் திருப்பிக் காட்டினார். அந்த நூறு பேரும் பழைய எஜமானர்களிடமே திரும்பப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. பேக்கனின் பெயர் புத்தகமெங்கும் இருக்கிறது.

பெர்க்லி 23 பேரைத் தூக்கிலிட்டார். டிரமண்டைப் பிடித்துவந்த ஜனவரி 20-ம் தேதி, விசாரணை முடிந்த சில மணி நேரத்திலேயே கயிறு. அவருடைய மனைவி சாரா, பறிபோன சொத்துக்காக லண்டன்வரை வழக்காடித் திரும்ப வாங்கினார். மன்னர் 1,000-க்கு மேற்பட்ட சிப்பாய்களையும் மூன்று விசாரணை ஆணையர்களையும் அனுப்பினார். ஆணையர்கள் மாவட்டம் மாவட்டமாக மனு வாங்கினார்கள். தலைவரி, கோட்டைச் செலவு, சட்டசபைப் படி, கணக்குக் காட்டாத அதிகாரிகள் என்று ஜனங்கள் எழுதிக் கொடுத்த அந்த மனுக்கள் இன்றும் இருக்கின்றன. கலகத்தின் காரணத்தைத் தேடுகிறவர்கள் பேக்கனின் அறிக்கையைவிட இவற்றை நம்பலாம் என்பது நம் அபிப்பிராயம். பெர்க்லியை லண்டனுக்குத் திரும்ப அழைத்தார்கள். மன்னரை நேரில் பார்த்துத் தன் பக்கத்தைச் சொல்லக் கொடுத்துவைக்காமல் 1677 ஜூலையில் அங்கே இறந்தார்.

கோக்கக்கோஸ்கி அரசி 1677 மே மாதம் ஆங்கிலேயரோடு புதிய உடன்படிக்கையில் தன் அடையாளத்தை இட்டார். அவருடைய பமங்கி மக்கள் இன்றும் வர்ஜீனியாவில் தங்கள் துண்டு நிலத்தில் இருக்கிறார்கள். வருடாவருடம் ஆளுநருக்கு மான் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கமும் தொடர்கிறது.

துரைமார் அந்த நூறு பேரை மறக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து ஒப்பந்த ஆட்கள் வருவதும் குறைந்துகொண்டு வந்தது. ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிவரும் கப்பல்கள் கூடிக்கொண்டு வந்தன. 1680-ல் சட்டம்: கறுப்பர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது, கிறிஸ்தவர் எவர்மேல் கை ஓங்கினாலும் 30 கசையடி. 1691-ல் இன்னொன்று: கறுப்பரையோ பூர்வகுடியையோ மணக்கும் வெள்ளையர் நாட்டைவிட்டே வெளியேற வேண்டும். 1705-ல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சட்டமாக எழுதினார்கள். அதன்படி அடிமைகள் வளர்த்த குதிரை, மாடு, பன்றிகளைப் பிடுங்கி விற்று, அந்தப் பணத்தை ஊர்த் தேவாலயத்து அதிகாரிகள் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். அதே சட்டத்தில், ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும் வெள்ளை வேலைக்காரனுக்கு எஜமான் கொடுக்கவேண்டியதும் எழுதியிருந்தது: 10 புஷல் சோளம், 30 ஷில்லிங் பணம், 20 ஷில்லிங் மதிப்புள்ள நல்ல துப்பாக்கி ஒன்று.